ஸ்கூல்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆரம்பிக்க எது நெஜமா உதவுது? மூணு வருஷம் யூஸ் பண்ணிப் பாத்துட்டு எழுதுற ரிவ்யூ

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டே இருந்த ரிவ்யூ இது. நான் மேத்ஸ் டீச்சர், கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரி எல்லாம் கிடையாது. மூணு வருஷத்துக்கு முன்னாடி "பசங்களுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏதாவது ஆரம்பிக்கணும், நீங்க பாத்துக்கறீங்களா"ன்னு ஸ்கூல்ல கேட்டாங்க, சரின்னு சொன்னேன், அன்னிலருந்து இலவச கோர்ஸ், கிட், போட்டி, கிளப்னு கையில கெடச்சத எல்லாம் கிளாஸ்ல போட்டுப் பாத்தாச்சு. இப்ப மத்த ஸ்கூல் டீச்சருங்களும், ஐடி-ல வேல பாக்குற ஃப்ரெண்ட்ஸும் "நாங்களும் ஏதாவது செய்யணும், எத வச்சு ஆரம்பிக்கலாம்"னு கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா ஃபோன்ல சொல்றதுக்கு மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

எத வச்சு மார்க் போடறேன்னு மொதல்லயே சொல்லிடறேன். பசங்க அன்னிக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்தாங்கங்கறது எனக்கு கணக்கே இல்ல, புதுசா எதக் காட்டினாலும் அன்னிக்கு சந்தோஷமாத்தான் இருப்பாங்க. அடுத்த வாரம் அதே பீரியடுக்கு நான் உள்ள நுழையறப்ப "மிஸ், போன வாரம் நீங்க சொன்னது வீட்ல செஞ்சு பாத்தேன், ஒரு எடத்துல ஒத்து வரல"ன்னு யாராவது வாசல்லயே புடிச்சுக்கறாங்களா, அதத்தான் பாக்கறேன். அப்படி ஒருத்தர வர வச்சா அது நல்ல சாமான். வரலன்னா எவ்ளோ அழகான டப்பாவுல வந்தாலும் என்னப் பொறுத்தவரைக்கும் வேஸ்ட்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நெறைய எடத்துல ஹெட்மாஸ்டர்கிட்ட போய் கேட்டா "எங்ககிட்ட ஏற்கனவே கம்ப்யூட்டர் கிளாஸ் இருக்கே"ன்னு சொல்லுவாங்க. போய்ப் பாத்தா டைப்பிங், ஸ்லைடு தயார் பண்றது, ஃபைல் சேவ் பண்றது. அதுவும் தேவதான், நான் கொற சொல்லல. ஆனா அது கம்ப்யூட்டர யூஸ் பண்ண கத்துக்கறது, கம்ப்யூட்டர் சயின்ஸ்ங்கறது அந்த மெஷின் எப்படி யோசிக்குது, அதுக்கு நாம எப்படி வேல சொல்றதுங்கறது. ரெண்டும் வேற வேற. இங்கிலாந்துல 2014 செப்டம்பர்ல ஐசிடின்னு இருந்த பழைய கம்ப்யூட்டர் பாடத்த எடுத்துட்டு கம்ப்யூட்டிங்னு புதுப் பாடம் கொண்டு வந்தாங்க, 5 வயசுலருந்தே அல்காரிதம்னா (ஒரு வேலைய முடிக்கிற படிப்படியான வழி) என்ன, ப்ரோகிராம்னா என்னன்னு ஆரம்பிக்கிற மாதிரி. ஒரு நாடே இந்த வித்தியாசத்த உணர்ந்து பாடத்திட்டத்த மாத்தியிருக்குன்னு இத எடுத்துச் சொன்னப்பதான் எங்க ஸ்கூல்லயும் எனக்கு வாரத்துக்கு ஒரு பீரியட் கெடச்சுது. நீங்களும் மொதல்ல இந்தப் பேச்ச முடிச்சிட்டு மத்தத ஆரம்பிங்க, இல்லன்னா நீங்க என்ன கொண்டு வந்தாலும் அது டைப்பிங் கிளாசோட மூலையில போய் ஒக்காந்துக்கும்.

சரி, ஹவர் ஆஃப் கோட், ஒரு மணி நேரத்துல கோடிங்க அறிமுகப்படுத்தற இலவசப் பாடம். எல்லாரும் இதுலதான் ஆரம்பிப்பாங்க, நானும் அப்படித்தான். கோட் டாட் ஆர்க் 2013-ல ஆரம்பிச்சது, மொத ஹவர் ஆஃப் கோட் அதே வருஷம் டிசம்பர்ல நடந்துச்சு. டிசம்பர்ல வர்ற கம்ப்யூட்டர் சயின்ஸ் எஜுகேஷன் வீக்கோட சேத்து இத நடத்திட்டு வந்தாங்க, 2025-ல அந்த எடத்துக்கு ஹவர் ஆஃப் ஏஐ வந்துடுச்சு. ஏன் டிசம்பர்னா கிரேஸ் ஹாப்பர்ங்கற அம்மா பொறந்தது 1906 டிசம்பர் 9, கம்பைலர் (நாம எழுதற ப்ரோக்ராம மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தறது) வேலைல மொத ஆளுங்கள்ல ஒருத்தர், அமெரிக்க கடற்படையில ரியர் அட்மிரல் வரைக்கும் போனவங்க. இத நான் பசங்ககிட்ட சொல்லித்தான் ஆரம்பிப்பேன், பொண்ணுங்க முகத்துல அப்ப வர்ற மாற்றத்துக்காகவே.

ஹவர் ஆஃப் கோட்ல புடிச்சது என்னன்னா பயம் போயிடும். பசங்களுக்கு மட்டும் இல்ல, எனக்கும்தான். பிளாக்க இழுத்து விட்டு ஓட்டினா ஒரு கேரக்டர் நடக்கும், தப்பா போனா அடுத்த நிமிஷமே தெரிஞ்சிடும், திருப்பி போடலாம். டீச்சருக்கு கோடிங் தெரியணும்னு அவசியமே இல்ல. முடிச்சவங்களுக்கு சர்டிஃபிகேட் இருக்கு, அத வீட்டுக்கு கொண்டு போனா பேரண்ட்ஸ் "என்ன இது"ன்னு கேப்பாங்க, பேச்சு ஆரம்பிக்கும். ஹெட்மாஸ்டர் ஒத்துக்கறதுக்கும் இது ரொம்ப உதவும், ஒரு மணி நேரம்தானேன்னு சரின்னுடுவாங்க.

ஆனா அந்த ஒரு மணி நேரத்தோட நிறுத்திட்டா ஒண்ணும் நடக்காது. அது படிப்படியா கையப் புடிச்சு கூட்டிட்டுப் போற பசில், பதில் ஏற்கனவே அங்க இருக்கு, புள்ள அதக் கண்டுபுடிச்சா முடிஞ்சுது. வேகமா முடிக்கிற பசங்க "எனக்கு கோடிங் தெரியும்"னு கெளம்பிடுவாங்க, மெதுவா போற பசங்க "இது எனக்கு வராது"ன்னு முடிவு பண்ணிடுவாங்க, ரெண்டுமே தப்பான முடிவு, ரெண்டையும் மாத்தறதுக்கு அடுத்த வாரம் வேணும். அதனால அடுத்த வாரத்துக்கு என்ன செய்யப்போறீங்கன்னு கையில இல்லாம இத நடத்தாதீங்க. இது வாசக்கதவு, கதவ மட்டும் தொறந்து வச்சிட்டு உள்ள வீடே இல்லன்னா என்ன பிரயோஜனம்.

இன்னொண்ணு, சிஸ்டம் பத்தலன்னு கவலப்படாதீங்க, ரெண்டு பேருக்கு ஒண்ணு போதும், சொல்லப்போனா அதுதான் நல்லது. ஒருத்தர் கீபோர்டு, இன்னொருத்தர் வாய மட்டும் யூஸ் பண்ணி வழி சொல்லணும், 7 நிமிஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும். மாத்தறத நீங்களே மணி பாத்து சொல்லணும், அவங்களா மாத்திக்குவாங்கன்னு விட்டா வீட்ல லேப்டாப் இருக்கிற புள்ள மவுஸ கடைசி வரைக்கும் விடாது, பக்கத்துல இருக்கிறது வேடிக்க பாத்துட்டு எழுந்து போயிடும். மொத வருஷம் இதக் கவனிக்காம விட்டுட்டேன், எத்தன பசங்க அப்படி வெறுமனே பாத்துட்டுப் போச்சோன்னு இப்பவும் மனசுக்கு கஷ்டமா இருக்கு.

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்சதுக்கு வரேன். சிஎஸ் அன்பிளக்ட், கம்ப்யூட்டர் சயின்ஸ வெளையாட்டா சொல்லிக் குடுக்கற பயிற்சிங்க. நியூசிலாந்துல கேன்டர்பரி யுனிவர்சிட்டிலருந்து வர்றது, டிம் பெல், இயன் விட்டன், மைக் ஃபெலோஸ் மூணு பேரும் 1990-கள்ல ஆரம்பிச்சது. எல்லாமே இலவசம், டவுன்லோட் பண்ணி பிரிண்ட் எடுத்துக்கலாம். கம்ப்யூட்டரே வேண்டாம். கரண்ட் வேண்டாம், நெட் வேண்டாம், அட்டையும் மார்க்கரும் சாக்பீஸும் போதும். "கம்ப்யூட்டர் இல்லாம கம்ப்யூட்டர் சயின்ஸா"ன்னு நீங்க இப்ப நெனைக்கிறத நானும் நெனச்சேன், மொத கிளாஸ் முடிஞ்சதும் மாத்திக்கிட்டேன்.

அதுல இருக்கிற கார்டு மேஜிக்க மட்டும் விவரமா சொல்றேன். ஒரு பக்கம் கலர், ஒரு பக்கம் வெள்ளை, அப்படி 36 அட்டை. ஒரு புள்ளைய கூப்ட்டு 25 அட்டைய 5-க்கு 5-ஆ எப்படி வேணாலும் அடுக்கச் சொல்லணும். அப்புறம் நீங்க "கொஞ்சம் கஷ்டமாக்கறேன்"னு சொல்லி சாதாரணமா ஒரு வரிசையும் ஒரு பத்தியும் சேக்கறீங்க, 11 அட்டை, இப்ப 6-க்கு 6. திரும்பி நின்னுக்கறீங்க, ஒரு புள்ள ஏதாவது ஒரே ஒரு அட்டைய திருப்பிப் போடுது. நீங்க திரும்பிப் பாத்து சட்டுன்னு அந்த அட்டைய தொட்டுக் காட்டறீங்க. கிளாஸே எழுந்து நிக்கும்!

ரகசியம் அந்த 11 அட்டையிலதான். ஒவ்வொரு வரிசையிலயும் ஒவ்வொரு பத்தியிலயும் கலர் அட்டை எண்ணிக்கை இரட்டைப்படையா வர்ற மாதிரி சேத்திருப்பீங்க. ஒண்ண திருப்பினா ஒரு வரிசையும் ஒரு பத்தியும் ஒத்தப்படையாயிடும், ரெண்டும் சந்திக்கிற எடம்தான் திருப்பின அட்டை. டேட்டா அனுப்பும்போது நடுவுல ஒரு பிட் (0 இல்லன்னா 1) மாறிப்போச்சுன்னா மெஷின் கண்டுபுடிக்கிற முறைக்கும் இதான் அடிப்படை, பேரிட்டின்னு சொல்லுவாங்க.

நான் ரகசியத்த சொல்லவே இல்ல. ரெண்டு வாரம் சொல்லல. கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு, ஏழாங்கிளாஸ், பாடத்துல எப்பவும் வாயே தொறக்காது, மூணாவது தடவ செஞ்சப்ப எழுந்து வந்து என் பக்கத்துல நின்னுக்கிட்டு நான் அட்டை சேக்கறத மட்டும் பாத்துச்சு, பசங்க திருப்பறதப் பாக்கல, நான் சேக்கறத. அப்புறம் மெதுவா "மிஸ், நீங்க எண்ணிட்டு வைக்கறீங்க"ன்னு சொல்லிச்சு. அவ்ளோதான், அதுக்கப்புறம் மேஜிக் பண்றது அந்தப் பொண்ணுதான். அடுத்த வாரம் வாசல்லயே நின்னுட்டு ஒரு கேள்வி கேட்டுச்சு, "ரெண்டு அட்டைய திருப்பினா என்ன ஆகும்?" ஒக்காந்து போட்டுப் பாத்தோம். ஒரே வரிசையில ரெண்ட திருப்பினா அந்த வரிசை மறுபடி இரட்டைப்படையாயிடுது, ரெண்டு பத்தி மட்டும் ஒத்தப்படையா நிக்குது, தப்பு நடந்திருக்குன்னு தெரியுது, எந்த வரிசைன்னு தெரியல. வேற வேற வரிசை வேற வேற பத்தியில திருப்பினா நாலு எடத்துல சந்தேகம் வருது, அதுல எந்த ரெண்டுன்னு சொல்ல முடியல. ஒரு ஏழாங்கிளாஸ் பொண்ணு தானாவே "தப்பக் கண்டுபுடிக்கிறது வேற, தப்பத் திருத்துறது வேற"ங்கற எடத்துக்கு வந்து நிக்குது பாருங்க, இதுக்கு எந்தக் கிட்டுக்கு எவ்ளோ காசு குடுத்தாலும் ஈடாகாது.

அதுலருந்து நான் புத்தகத்துக்குப் போனேன். இது என் மேத்ஸ் புத்தி. இப்ப கடையில விக்கிற பெரும்பாலான புத்தகத்தோட பின் அட்டையில 13 இலக்க ஐஎஸ்பிஎன் நம்பர் இருக்கும், மொத இலக்கத்த 1-ஆலயும் அடுத்தத 3-ஆலயும் மாத்தி மாத்தி பெருக்கி கூட்டினா வர்ற கூட்டுத்தொக எப்பவும் 0-ல முடியும். கடைசி இலக்கத்த அப்படி வர்ற மாதிரிதான் வச்சிருக்காங்க. பசங்க பையிலருந்து எல்லாப் புக்கையும் எடுத்துக் கொட்டி கூட்டிப் பாத்தாங்க. அப்புறம் பக்கத்து பக்கத்துல இருக்கிற ரெண்டு இலக்கத்த எடம் மாத்திப் பாருங்கன்னேன், தப்பு மாட்டுது, மாட்டுது, மாட்டுது, ஒரு பையனோட புக்ல மட்டும் மாட்டல. 1-ம் 6-ம் மாத்தியிருக்கான். ரெண்டு இலக்கத்துக்கும் நடுவுல வித்தியாசம் சரியா 5-ன்னா கூட்டுத்தொக 10 மாறும், கடைசில அதே 0, மெஷினுக்கு தெரியாது. இதக் கண்டுபுடிச்சதும் 2-ம் 7-ம், 3-ம் 8-ம்னு அவங்களே தேட ஆரம்பிச்சிட்டாங்க. அந்த பீரியட் முழுக்க ஒரு கம்ப்யூட்டரையும் ஆன் பண்ணல, மேத்ஸ் பீரியட்லயே நடந்துது. தனி பீரியட் கெடைக்காத டீச்சருங்க இதத்தான் புடிச்சுக்கணும், உங்க பாடத்துக்குள்ளயே கொண்டு வந்துடலாம்.

சார்ட்டிங் நெட்வொர்க்கும் அப்படித்தான். கிரவுண்ட்ல சாக்பீஸால கோடும் வட்டமும் வரஞ்சு, ஆறு பசங்க கையில ஆறு நம்பர், ரெண்டு பேரு ஒரு வட்டத்துல சந்திச்சா சின்ன நம்பர் இடது பக்கம், பெரிய நம்பர் வலது பக்கம் போகணும், கடைசில பாத்தா வரிசையா நிப்பாங்க. ஒரே நேரத்துல மூணு ஜோடி சேந்து வேல செய்யறத கண்ணால பாக்கறாங்க, ஒரு வேலைய பிரிச்சு ஒண்ணா செய்யறதுன்னா என்னன்னு அதுக்கு மேல வெளக்க வேண்டியதில்ல. ஒருத்தர் தப்பா திரும்பிட்டா மொத்தமும் கலஞ்சிடும், யாரு எங்க தப்பா திரும்பினதுன்னு பின்னாடியே நடந்து போய் தேடுவாங்க, அதான் டீபக்கிங். பைனரி (0, 1 ரெண்ட மட்டும் வச்சு எண்ணற முறை) கார்டும் நல்லா போகும், 1, 2, 4, 8, 16 புள்ளி போட்ட அஞ்சு அட்டையில 0-லருந்து 31 வரைக்கும், அப்புறம் பத்து வெரல்ல 1023 வரைக்கும் எண்ணலாம்னு காட்டிட்டா வெரல மடக்கிட்டே வீட்டுக்குப் போவாங்க. சிஎஸ் அன்பிளக்டுக்கு மார்க் 5-க்கு 5, யோசிக்காம குடுக்கறேன்.

குறையும் ஒண்ணு சொல்லணும்ல. இதுலயே நின்னுடக் கூடாது. நாலஞ்சு வாரத்துல பசங்களே "மெஷின்ல எப்ப செய்யப்போறோம்"னு கேப்பாங்க, அப்ப செய்ய வைக்கணும், இல்லன்னா வெறும் வெளையாட்டாவே நின்னுடும்.

மெஷின்னா ஸ்க்ராட்ச், பிளாக்க அடுக்கி ப்ரோக்ராம் செய்யற சாஃப்ட்வேர். எம்ஐடி மீடியா லேப்ல மிட்செல் ரெஸ்னிக் குழு செஞ்சது, 2007-ல வெளிய விட்டாங்க, 8-லருந்து 16 வயசுக்குன்னு நெனச்சு செஞ்சது, அதுக்கும் சின்னவங்களுக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர் இருக்கு. 2019 ஜனவரில வந்த 3.0 டேப்லெட்லயும் ஓடும், நெட் இல்லாத லேபுக்கு ஆஃப்லைன் ஆப் தனியா இருக்கு, ஒரு பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போய் எல்லா சிஸ்டத்துலயும் போட்டுக்கலாம். காசு இல்ல. பிளாக்குங்க ஒண்ணோட ஒண்ணு பொருந்தினாத்தான் ஒட்டும், அதனால எழுத்துப்பிழை, செமிகோலன் விட்டுப்போச்சுங்கற தொல்ல எதுவும் கெடையாது. ஆனா யோசனையில தப்பு இருந்தா அது அப்படியே திரையில வந்து நிக்கும், எனக்கு வேண்டியது அதான்.

ஒரு பையன் பூனைய நடக்க விட்டான், ஃபாரெவர்குள்ள (திரும்பத் திரும்ப ஓடற பிளாக்) பத்து ஸ்டெப், ஓரத்துல முட்டினா திரும்புன்னு ஒரு பிளாக். ஓடவிட்டா பூன ஓரத்துல முட்டி தலைகீழா திரும்பி வருது. "மிஸ், பூனைக்கு என்ன ஆச்சு?" எனக்கும் அப்ப தெரியல. "தெரியலப்பா, வா பாப்போம்"னு பக்கத்துல ஒக்காந்தேன். டைரக்ஷன் நம்பரப் பாத்தோம், வலது பக்கம் போறப்ப 90, இடது பக்கம் போறப்ப மைனஸ் 90. நீ நின்ன எடத்துலயே வலது பக்கம் பாத்து படுத்துட்டு அரை சுத்து சுத்தினா எப்படி இருப்பன்னு நோட்ட வச்சு சுத்திப் பாத்தோம், தலைகீழா வந்துச்சு. அப்பதான் புரிஞ்சுது, பூன திரும்பல, சுத்துது. அப்புறம் ரொட்டேஷன் ஸ்டைல இடது வலதுன்னு மாத்தினா சரியாயிடுச்சு. அன்னிக்கு அவன் கத்துக்கிட்டதவிட நான் கத்துக்கிட்டது பெருசு. டீச்சருக்கு பதில் தெரியாதது தப்பே இல்ல, தெரியாதப்ப டீச்சர் என்ன செய்யறாங்கன்னு பசங்க பாக்கணும். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்க பயப்படற டீச்சர் யாராவது இதப் படிச்சா அவங்களுக்காகத்தான் இத எழுதறேன், நெஜமா சொல்றேன், முழுசா கத்துட்டுத்தான் ஆரம்பிப்பேன்னு காத்திருக்காதீங்க.

ஸ்க்ராட்ச்ல எல்லாரும் செய்யற தப்பு, வெறும் திரையக் காட்டி "உனக்குப் புடிச்சத செய்"ன்னு விடறது. பாதி பேரு பூனைக்கு ட்ரெஸ் மாத்திட்டே ஒக்காந்திருப்பாங்க. அதவிட, ஏற்கனவே செஞ்ச ஒரு சின்ன ப்ரோக்ராம குடுங்க, ஓட்டறதுக்கு முன்னாடி என்ன நடக்கும்னு நோட்ல எழுதச் சொல்லுங்க, அப்புறம் ஓட்டட்டும், நெனச்சதுக்கும் நடந்ததுக்கும் எங்க வித்தியாசம்னு தேடட்டும், அப்புறம் ஒரு எடத்த மாத்தட்டும், கடைசியாத்தான் சொந்தமா செய்யறது. ப்ரிம்னு ஒரு முறை இருக்கு, ஊகி, ஓட்டு, ஆராய், மாத்து, உருவாக்குன்னு அஞ்சு படி, நான் வச்சிருக்கிறது அதத்தான். எழுதறதுக்கு முன்னாடி படிக்கத் தெரியணும்ங்கறது மொழிக்கு எப்படியோ கோடுக்கும் அப்படித்தான். இப்ப ஏஐ-யே கோட் எழுதிக் குடுக்குதே, எதுக்கு இதெல்லாம்னு பெரிய பசங்க கேக்கறாங்க, அவங்களுக்கும் என் பதில் இதான், அது எழுதினது சரியா தப்பான்னு படிச்சு சொல்ற ஆளு வேணும்ல.

மைக்ரோபிட் பத்தி நெறைய பேரு கேட்டிருந்தாங்க. பிபிசி செஞ்சது, 2016-ல பிரிட்டன்ல 11, 12 வயசு பசங்களுக்கு கிட்டத்தட்ட 10 லட்சம் போர்டு இலவசமா குடுத்தாங்க. உள்ளங்கையில அடங்குற சின்ன போர்டு, 25 எல்இடி, ரெண்டு பட்டன், அசைவ உணர்ற சென்சார், காம்பஸ், ஒரு போர்டு இன்னொரு போர்டோட பேச ரேடியோ. 2020-ல வந்த புது வெர்ஷன்ல மைக், ஸ்பீக்கரும் உண்டு. நல்ல சாமான். ஆனா எல்லாருக்கும் ஒண்ணுன்னு வாங்கணும்னு நெனச்சு பட்ஜெட்டுக்காக ரெண்டு வருஷம் காத்திருக்காதீங்க. மைக்ரோபிட்டுக்கு ப்ரோக்ராம் எழுதற மேக்கோட்ல போர்டே இல்லாம திரையிலயே சிமுலேட்டர் ஓடும், அதுல செஞ்சு சரி பாத்துட்டு கடைசில போர்டுல ஏத்தினா போதும், ஒரு கிளாசுக்கு ஆறேழு போர்டு தாராளம். கேபிள் வாங்கும்போது டேட்டா போற கேபிளான்னு பாத்து வாங்குங்க, சார்ஜ் மட்டும் ஏறுற கேபிள்ல கோட் போகாது, இத கண்டுபுடிக்க எனக்கு ஒரு முழு பீரியட் போச்சு.

ஷூவுல கட்டிக்கிட்டு எத்தன அடி நடக்கறோம்னு எண்ண விட்டேன், ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு நம்பர், ஏன்னு ஒரு சண்டை. இன்னொரு நாள் டெம்பரேச்சர் காட்ட வச்சாங்க, சுவத்துல இருக்கிற தெர்மாமீட்டர்ல ஒண்ணு, போர்டுல கொஞ்சம் கூட. எது சரி? போர்டு அளக்கறது அதோட ப்ராசஸர் சிப்போட சூட்ட, ரூமோடத இல்லன்னு தெரிய வந்தப்ப சயின்ஸ் டீச்சரே வந்து சேந்துக்கிட்டாங்க. மெஷின் காட்ற நம்பர அப்படியே நம்பக் கூடாதுன்னு எத்தன தடவ சொன்னாலும் ஏறாதது அன்னிக்கு ஏறிடுச்சு.

இப்ப ஒரு வருத்தம். பேர் சொல்லல. ஒரு கம்பெனிகிட்டருந்து ரோபோ கிட் வாங்கினோம், அந்த வருஷத்துக்கு ஒதுக்கின காசுல பெரும்பகுதி அதுக்கே போச்சு. டெமோ அன்னிக்கு பிரமாதம். அப்புறம் பாத்தா அவங்க ஆப்ல லாகின் பண்ணினாத்தான் ஓடும், ஒரு லாகின்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான், வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கணும், அத வாங்கறப்ப யாரும் அழுத்தி சொல்லல. ரெண்டாவது வருஷம் புதுப்பிக்கல, ரோபோவும் ஓடல. எந்த கிட் வாங்கினாலும் மூணு கேள்வி கேளுங்க: நெட் போனா ஓடுமா, அடுத்த வருஷம் காசு கட்டாட்டி ஓடுமா, ஒரு பார்ட் உடஞ்சா வெளில கெடைக்குமா. ஒண்ணுக்கு இல்லன்னு பதில் வந்தாலும் வாங்காதீங்க.

போட்டி வேணும்னா பெப்ராஸ். லித்துவேனியாவுல 2004-ல வாலென்டினா டாகீனே ஆரம்பிச்சது, அந்த மொழில பெப்ராஸ்னா பீவர்ங்கற பிராணி. ப்ரோக்ராமிங் தெரியவே வேண்டாம், சின்னச் சின்னக் கேள்வி, ஒவ்வொண்ணும் சில நிமிஷத்துல யோசிச்சு முடிக்கிற மாதிரி. பழைய கேள்விங்கள வாரத்துக்கு ஒண்ணு போர்டுல எழுதிப் போட்டு வச்சிருங்க, இடைவேளைல நின்னு யோசிக்கற பசங்க யாருன்னு பாருங்க, நீங்க நெனச்ச பசங்களா இருக்க மாட்டாங்க.

கிளப் பத்தி. கோட் கிளப் 2012-ல பிரிட்டன்ல ஆரம்பிச்சது, இப்ப ராஸ்பெர்ரி பை ஃபவுண்டேஷனோட இருக்கு. கோடர் டோஜோ 2011-ல அயர்லாந்துல, அதுவும் பின்னாடி அங்கயே வந்து சேந்துடுச்சு. பாடக் குறிப்பு எல்லாம் இலவசமா கெடைக்கும், படிப்படியா இருக்கும், டீச்சர் இல்லாத வாலன்டியர்கூட எடுத்து நடத்தலாம். தரம் நல்லாவே இருக்கு. ஆனா கிளப் மட்டும் போதாது, ஸ்கூல் முடிஞ்சு விருப்பம் இருக்கிறவங்க வாங்கன்னு போர்டு வச்சா ஏற்கனவே ஆர்வம் இருக்கிற, வீட்ல சிஸ்டம் இருக்கிற, கூட்டிட்டுப் போக ஆளு இருக்கிற பசங்கதான் வருவாங்க. என் கிளப்ல மொத வருஷம் 14 பேரு, அதுல பொண்ணுங்க ரெண்டு. ரெண்டாவது வருஷம் போர்டு வைக்கல, நேராப் போய் ஒவ்வொருத்தரா "நீ அன்னிக்கு அந்தக் கேள்வி கேட்டியே, உன்ன மாதிரி ஆளுதான் வேணும், உன் ஃப்ரெண்டையும் கூட்டிட்டு வா"ன்னு சொன்னேன். 19 பேரு வந்தாங்க, பொண்ணுங்க பதினொண்ணு. அந்தக் கார்டு மேஜிக் பொண்ணும் அப்படி வந்ததுதான். யாரும் நம்மள கூப்பிடலன்னு ஒதுங்கி நிக்கிற புள்ளைங்க எவ்ளோ பேருன்னு அப்பதான் தெரிஞ்சுது.

கடைசியா வெளிலருந்து உதவ நெனைக்கிறவங்களுக்கு, முக்கியமா ஐடி ஃப்ரெண்ட்ஸுக்கு. பழைய சிஸ்டம் குடுக்கறது பெரிய மனசு, ஆனா சார்ஜர் இல்லாம, பாஸ்வேர்டு தெரியாம குடுத்தா அது எங்களுக்கு இன்னொரு வேல. எங்களுக்கு வந்த பன்னெண்டுல நாலுதான் ஓடிச்சு. ஆறு குடுங்க, ஆனா துடச்சு, ஸ்க்ராட்ச் ஆஃப்லைன் போட்டு, ஆன் பண்ணினா ஓடற மாதிரி குடுங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ வந்து எல்லாத்தையும் ஒரு பார்வ பாத்துட்டுப் போற ஆளு கெடச்சா அது பணத்தவிட பெருசு.

பேச வர்றவங்களும் இருக்காங்க. ஒருத்தர் வந்து ஒரு மணி நேரம் ஸ்லைடு போட்டு சம்பளம், கம்பெனி, எதிர்காலம்னு பேசினாரு, நல்ல எண்ணத்துலதான், பசங்க மரியாதையா கைதட்டினாங்க, அடுத்த வாரம் ஒருத்தரும் அதப் பத்தி பேசல. இன்னொரு அம்மா வந்தாங்க, அவங்க வேலைல ரெண்டு நாள் முழுக்க தேடின ஒரு பிழைய அப்படியே எடுத்துட்டு வந்து போர்டுல எழுதி "எங்க தப்புன்னு நீங்க சொல்லுங்க"ன்னாங்க. கடைசில பாத்தா 0-லருந்து எண்ண வேண்டியத 1-லருந்து எண்ணியிருக்காங்க. "ஆன்ட்டி, இவ்ளோ பெரிய வேலைல இருக்கிற உங்களுக்கும் இந்தத் தப்பு வருமா"ன்னு ஒரு சின்னப் பையன் கேட்டான், "தெனமும் வரும்ப்பா"ன்னாங்க. பசங்களுக்கு அதுக்கு மேல என்ன தைரியம் சொல்ல முடியும். அப்புறம் அவங்க மாசா மாசம் வந்து பசங்க பக்கத்துல உக்காருவாங்க, கைய பின்னாடி கட்டிக்குவாங்க, கீபோர்ட தொடவே மாட்டாங்க, "என்ன நடக்கும்னு நெனச்ச, என்ன நடந்துச்சு"ன்னு ரெண்டே கேள்விதான். வாலன்டியரா வர்ற எல்லாருக்கும் நான் சொல்றது இதான், புள்ளையோட கீபோர்ட தொடாதீங்க. நீங்க தொட்ட நொடியில அது உங்க ப்ரோக்ராமாயிடும்.

வருஷக் கடைசில பேரண்ட்ஸ கூப்ட்டு பசங்களே செஞ்சத காட்டற மாதிரி ஒரு சாயங்காலம் வைங்க. மேடை, பேச்சு எதுவும் வேண்டாம், மேசைக்கு மேசை பசங்க நிக்கணும், பேரண்ட்ஸ் வந்து வெளையாடிப் பாக்கணும். எங்களுதுல ஹெட்மாஸ்டர் கார்டு மேசைல மாட்டிக்கிட்டாரு, நாலு தடவ திருப்பினாரு, நாலு தடவயும் அந்தப் பொண்ணு கண்டுபுடிச்சுது, "எப்படிம்மா"ன்னு கேட்டதுக்கு "ரெண்டு வாரம் கழிச்சு சொல்றேன் சார், நீங்களே யோசிங்க"ன்னுச்சு. அடுத்த வருஷம் வாரத்துக்கு ரெண்டு பீரியட் ஆச்சு.

ஆரம்பிக்கறவங்க கார்டு மேஜிக்க வச்சு இந்த வாரமே ஆரம்பிக்கலாம். கொஞ்சம் கெட்டியான அட்டையா பாத்து வாங்குங்க, மெல்லிசா இருந்தா மார்க்கர் கலர் மறுபக்கம் தெரிஞ்சு மேஜிக் கெட்டுடும். அப்புறம் 36 மட்டும் வெட்டாதீங்க, 40 வெட்டுங்க, மூணு நாலு எப்படியும் காணாமப் போயிடும்.